இடி இறங்கும் ஊரில் கேமிங் கணினி: எதற்கு முதலில் காசு?

அக்கா மகன் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த கையோடு ஈப்போவில் ஒரு பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்து 2,600 வெள்ளி சேர்த்துவிட்டான். அக்கா தன் கூட்டுப் பணத்தை இந்த மாதமே எடுத்து 900 வெள்ளி கொடுத்தார். ஆக 3,500 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கிற மலேசியாவில், இரண்டு மாத உழைப்புக்குச் சற்று மேல். அந்தப் பணத்தில் கேமிங் கணினி ஒன்றை நாமே பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பட்டியல்.

பட்டியலின் முதல் வரியில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கேசிங், அதாவது வெளிப்பெட்டி. அடுத்து வண்ண விளக்கு எரியும் ஆறு விசிறிகள். அதற்கடுத்துத் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் சாதனம். நடுவில் கணக்குப் போடும் பிராசசர், படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரியில், சுவர் மின்சாரத்தை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கிற பெட்டி: ‘பவர் சப்ளை - கேசிங்கோடு இலவசம்.’

நான் தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கீழிருந்து படிக்கத் தொடங்கினேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வார நாட்களில் நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் வயர்மேன். சனி, ஞாயிறுகளில் தோட்டத்துப் பிள்ளைகளின் கணினிகள் என் வீட்டு ஐந்தடியில் வரிசையாக நிற்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அவற்றைத் திறந்து மூடியதில் எனக்கு இரண்டு கேள்விகள் பழக்கமாகிவிட்டன. எந்தப் பாகத்தைப் பார்த்தாலும் அவற்றைக் கேட்பேன். இதைப் பிறகு மாற்ற முடியுமா, இல்லை கடைசிவரை இதோடுதான் வாழ வேண்டுமா? இது கெட்டால் தனியாகக் கெடுமா, கூட இருப்பதையும் கொண்டுபோகுமா? எந்தக் கார்டு வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், தருகிறது என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். பெரிய நகரத்தில் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து சோதனை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் தேவைப்படாமல் இருக்கலாம். நம் ஊரில் மதியம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் தேவைப்படும்.

நான்கு வழிகள்

அக்காவின் முதல் கேள்வி நியாயமானது. “படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும் என்று ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டால் என்ன?” அவன் ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் சேரப்போகிறான். விடுதியில் தங்குவதாக இருந்தால் நானும் லேப்டாப்தான் சொல்லியிருப்பேன், விவாதமே வேண்டாம். ஆனால் வீட்டிலிருந்தே மோட்டாரில் போய் வருவதாகத் திட்டம். பாடம் எழுத வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அப்படியானால் கேமிங் லேப்டாப்பின் குறைகளை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

பெயரில்தான் முதல் குறை ஒளிந்திருக்கிறது. லேப்டாப்பில் ‘ஆர்டிஎக்ஸ் 4060’ என்று கார்டின் பெயர் ஒட்டியிருந்தாலும் அது மேசைக் கணினியில் வரும் 4060 அல்ல. தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் விடுகிறாரோ அவ்வளவுதான் அது ஓடும். ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்புகளுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கும், விளம்பரத்தில் அது தெரியாது. இரண்டாவது, தகரக் கூரை வீட்டின் மதிய வெப்பத்தில் அவ்வளவு சிறிய உடலுக்குள் அத்தனை சூடும் அடைபடும். மூன்றாவது, கார்டு கெட்டால், எல்லாப் பாகங்களும் உட்காரும் மதர்போர்டையே மாற்ற வேண்டும். என் இரண்டு கேள்விகளுக்கும் லேப்டாப் தவறான பதிலைச் சொல்கிறது.

இரண்டாவது வழி, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினி. டெல், எச்பி போன்றவற்றின் இந்தப் பெட்டிகள் உறுதியானவை. புதிய கணினியின் விலையில் பாதிகூட ஆகாது. சிறிய கார்டு ஒன்றைச் செருகினால் வாலரண்ட், டோட்டா 2 போன்ற ஆட்டங்கள் நன்றாகவே ஓடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என்றால் நான் யோசிக்காமல் இதையே சொல்வேன். ஆனால் வாங்குமுன் பிராசசரின் தலைமுறையைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஆட வேண்டுமானால் டிபிஎம்மும், கணினி தொடங்கும்போதே காவல் காக்கும் செக்யூர் பூட்டும் இயங்கியே ஆக வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகளைச் சிலர் இன்னும் ‘கேமிங் பிசி’ என்று விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தே விற்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இந்தப் பெட்டிகளில் மேலே ஏற வழியும் இல்லை. பல பெட்டிகளில் பவர் சப்ளையின் வடிவமும் கம்பி முனையும் அந்தக் கம்பெனிக்கே உரியவை, கடையில் கிடைப்பது பொருந்தாது. மதர்போர்டின் செருகுவாய் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டுகள் ஒரு சிலவே. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட்டில் ஓடும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

மூன்றாவதும் நான்காவதும் புதிதாகப் பூட்டுகிற வழிகள்: ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) அல்லது இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறை ஒரு பக்கம், ஏஎம்டியின் புதிய ஏஎம்5 இன்னொரு பக்கம். ஏஎம்4-இல் ரைசன் 2017-இல் வந்தது. ரைசன் 5 5600 இன்றும் நல்ல பிராசசர், ஆனால் அந்தச் சாக்கெட்டில் அதற்கு மேல் ஏறப் படிகள் அதிகம் இல்லை. ஏஎம்5 2022-இல் வந்தது, 2027-க்கும் அப்பால் புதிய பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ‘பிறகு மாற்ற முடியுமா’ என்று கேட்டால் ஏஎம்5-தான் ஜெயிக்க வேண்டும். சாதாரண காலமாக இருந்தால் ஜெயித்திருக்கும்.

குறுக்கே வந்தது ராம், கணினியின் தற்காலிக நினைவகம். ஏஎம்5 டிடிஆர்5 என்ற புதிய வகை ராமை மட்டுமே ஏற்கும். 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை துள்ளி ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வண்டி வண்டியாக வாங்கத் தொடங்கியதால் நம் போன்றவர்களுக்கு மிச்சமாக வருவது குறைந்தது, வந்ததும் விலை ஏறி வந்தது. ஏஎம்4-உம் பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல்லும் ஏற்கிற பழைய டிடிஆர்4-உம் தப்பவில்லை. ஆனால் என் அலமாரியில் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம்கள் சும்மா கிடந்தன. ஒரு தோட்டத்துக் கிராணி தன் கணினியை மாற்றியபோது விட்டுப்போனவை. ஏஎம்5-க்குப் போயிருந்தால் ராமுக்கே ஒரு பெரும் தொகை போய், கார்டு ஒரு படி இறங்கியிருக்கும். அலமாரியில் கிடந்த அந்த இரண்டு துண்டுகள்தான் வழக்கை முடித்தன. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் கிடக்கவில்லை என்றால் உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம்.

ஏஎம்4-இல் 5600-ஆ, இன்டெல்லில் ஐ5-12400எஃப்-ஆ என்பதில் நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. இரண்டிலும் ஆறு கோர், அதாவது ஆறு மூளை, பன்னிரண்டு திரெட், விளையாட்டில் அண்ணன் தம்பி. அன்று கடையில் எது மலிவோ அது. எங்களுக்கு அது 5600. இன்டெல்லில் பழைய சரக்காக 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ந்த வகைகள் மலிவாகக் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் பிராசசரே பழுதாகும் சிக்கல் இருந்தது, 2024-இல்தான் திருத்தம் வந்தது. திருத்தம் வருவதற்கு முன் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

பவர் சப்ளை: நான் சண்டை போட்ட இடம்

என் முதல் கணினி 2011-இல் வாங்கியது. ஈப்போவில் ஒரு கடையில் கேசிங்கோடு இலவசமாகப் பவர் சப்ளை கொடுத்தார்கள். அக்டோபரில் ஒரு சாயங்காலம் மழைக்கு முன்னே இடி. எங்கோ பால்மரக் காட்டில்தான் விழுந்தது, வீட்டில் பல்புகூட அணையவில்லை. கணினி மட்டும் ‘டப்’ என்றது. பவர் சப்ளை போனது, மதர்போர்டு போனது, ஹார்ட் டிஸ்க்கும் போனது. அதில் அக்காவின் கல்யாணப் படங்கள் இருந்தன. கடைக்காரர் இடிக்கு வாரண்டி இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் படங்களுக்குப் பிறகு இன்றுவரை அக்கா வீட்டில் கணினி என்றால் ஒரு முகச்சுளிப்பு உண்டு.

ஆலையில் வேலை கற்றுக்கொண்ட பிறகுதான் அன்று நடந்தது விளங்கியது. நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்று பெயர், ஆனால் 216-இலிருந்து 253 வரை போய் வர அனுமதி உண்டு. தோட்டத்துக் கோடியில் இருக்கிற வீட்டில் அந்த ஏற்ற இறக்கம் நன்றாகவே தெரியும். நல்ல பவர் சப்ளைக்குள் மின்னழுத்தம் எகிறினால், மின்னோட்டம் மிஞ்சினால், எங்காவது ஷார்ட் ஆனால் தானே அணைந்துகொள்ளும் சுற்றுகள் இருக்கும். மலிவுச் சரக்கில் அவற்றைத்தான் முதலில் கழிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பெட்டியின் மேல் ‘80 பிளஸ்’ என்று இருக்கிறதே என்று அவன் கேட்டான். அது திறனுக்கான சான்று. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எத்தனை ஆண்டு உழைக்கும், இடிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அது பொறுப்பில்லை. நான் பார்ப்பது வாரண்டியை. ஓராண்டு வாரண்டி கொடுப்பவருக்குத் தன் சரக்கின்மேல் ஓராண்டு நம்பிக்கைதான். ஐந்து, ஏழு, பத்து ஆண்டு கொடுப்பவை இருக்கின்றன. அப்புறம் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணை. பெட்டியில் பெரிய எழுத்தில் 600 வாட் என்று போட்டிருக்கும். அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 ஆம்பியர் என்றால் பன்னிரண்டால் பெருக்கினால் 300 வாட். கார்டும் பிராசசரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில் இருந்துதான், மீதி 300 அலங்காரம்.

எவ்வளவு வாட் வேண்டும்? நாங்கள் யோசித்த கார்டுக்கும் பிராசசருக்கும் எல்லாம் சேர்த்து முழு வேகத்தில் 300 வாட்டைத் தொடாது. 550 போதும். நான் 650 வாங்கச் சொன்னேன், மூன்று ஆண்டுக்குப் பிறகு பெரிய கார்டு வந்தாலும் இது மாறாமல் நிற்கட்டும் என்று. 850 என்று கடையில் தள்ளிவிடப் பார்த்தார்கள். அது வீண்.

இவ்வளவு சொன்னாலும், பக்கத்தில் இடி விழுந்தால் எந்தப் பவர் சப்ளையும் தாங்காது. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி. சர்ஜ் பாதுகாப்பு வைத்த நீட்டிப்புப் பலகை சின்ன அடிகளைத் தாங்கும், ஆனால் அதற்குச் சுவரில் எர்த் கம்பி ஒழுங்காக இருக்க வேண்டும். மூன்று துளை பிளக்கில் மேல் துளைக்குள் பேனாவை விட்டு இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் கலையை நம் வீடுகளில் கைக்குழந்தைகூடக் கற்றுவைத்திருக்கிறது. அப்படித் திணித்த பலகையில் பாதுகாப்பு என்று எழுதியிருப்பது வெறும் எழுத்து. பழைய லயத்து வீடுகளில் எர்த் கம்பி எங்கோ அறுந்தே கிடக்கும், ஒரு வயர்மேனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். மெயின் பெட்டியில் ‘டிரிப்’ ஆகிற அந்த விசை மனிதர்களைக் காக்க வைத்தது, கணினியைக் காக்க அல்ல.

யூனிஃபை இணையம் கண்ணாடி இழையில் வருவதால் இடி அந்த வழியாக வராது என்பது உண்மை. ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தான் செருகியிருக்கிறது, அங்கிருந்து லேன் கம்பி நேரே கணினிக்குப் போகிறது. பிடுங்கினால் இரண்டையும் பிடுங்குங்கள்.

கார்டும் பிராசசரும்

இந்த இரண்டில் எது பெரிது என்று பிள்ளைகள் என்னிடம் கேட்காத வாரம் இல்லை. நான் ஆலைக் கதையைச் சொல்வேன். காட்டில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் இருக்கிறார், குலையை அரைத்து எண்ணெய் எடுக்கிற ஆலை இருக்கிறது. வெட்டுகிறவர் மெதுவாக வெட்டினால் ஆலை சும்மா நிற்கும். வெட்டுகிறவர் வேகமாக இருந்து ஆலை சிறியதாக இருந்தால் லோரிகள் வாசலில் வரிசை கட்டும், குலை வாடும். பிராசசர் வெட்டுகிறவர். ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டு அனுப்புகிறது. கார்டு ஆலை. அந்தக் கணக்கைப் படமாக வரைகிறது.

வாலரண்ட், டோட்டா 2 போன்ற ஆட்டங்களில் படம் எளிது, கணக்கு அதிகம். அங்கே வெட்டுகிறவர்தான் தடை. பெரிய உலகத்தில் சுற்றித் திரிகிற கதை ஆட்டங்களில் மரம், தண்ணீர், வெளிச்சம் என்று வரைய வேண்டியது மலை போலக் குவியும். அங்கே ஆலைதான் தடை. மருமகன் ஆடுவது பெரும்பாலும் முதல் வகை, ஆசைப்படுவது இரண்டாவது வகை. ஆறு கோர் பிராசசர் அவன் ஆடுவதற்குப் போதும். ஆசைக்குத்தான் கார்டில் காசு போக வேண்டும். அவன் பட்டியலில் எட்டு கோர் பிராசசரும் சின்னக் கார்டும் இருந்தன. அது பத்து வெட்டுக்காரர்களை வைத்துக்கொண்டு கையால் எண்ணெய் பிழிவது போல.

கார்டுகளில் நான்கைப் பார்த்தோம். ஆர்எக்ஸ் 6600 2021-இல் வந்தது, 8 ஜிபி நினைவகம், 132 வாட், கையில் காசு மிகக் குறைவு என்றால் இன்னும் மரியாதையான கார்டு. ஆர்டிஎக்ஸ் 3060 அதே ஆண்டில் வந்தது, 12 ஜிபி வகை 170 வாட், இப்போது பெரும்பாலும் பழைய சரக்காகத்தான் கிடைக்கும். இன்டெல்லின் ஆர்க் பி580 2024 டிசம்பரில் வந்தது, 12 ஜிபி, 190 வாட். விலைக்கு நிறையத் தருகிறது, ஆனால் அதற்கு, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாகத் தொட விடுகிற ரீசைசபிள் பார் வசதி மதர்போர்டில் கட்டாயம். 5600 போன்ற பழைய பிராசசரோடு சேர்த்தால் தன் முழு வேகத்தைக் காட்டாது. நாங்கள் வாங்கப்போவதோ அதே 5600, அதனால் வருத்தத்தோடு தள்ளிவைத்தேன். கடைசியாக ஆர்டிஎக்ஸ் 5060. 2025-இல் வந்தது, 8 ஜிபி, 145 வாட்.

இந்த 8 ஜிபி என் கண்ணை உறுத்துகிறது. புதிய ஆட்டங்கள் சில 1080 (முழு எச்டி) திரையிலேயே உயர்ந்த அமைப்பில் 8 ஜிபியைத் தாண்டிக் கேட்கின்றன. தாண்டினால் படம் திக்கித் திக்கி நகரும். 16 ஜிபி வைத்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இருக்கிறது, இன்னும் சில நூறு வெள்ளி இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். அவனிடம் இல்லை. இங்கே என் முதல் கேள்வி கைகொடுத்தது: கார்டு பிறகு மாற்றக்கூடியது. ஒன்றிரண்டு திருகுகளைக் கழற்றினால் வந்துவிடும், விற்றால் பாதி விலையாவது கிடைக்கும். ஆகவே இன்றைக்கு 5060, ஆட்டத்தில் டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) அமைப்பை ஒரு படி குறைத்துக்கொள்ளட்டும்.

5060 மதர்போர்டோடு பேசுவது எட்டுப் பாதைகளில் மட்டும், 6600-உம் அப்படித்தான். மதர்போர்டின் பாதைகள் பிசிஐ 4.0 என்ற வேகமான தலைமுறை என்றால் அந்த எட்டுப் பாதை போதும். பி450, ஏ520 போன்ற மலிவு போர்டுகள் 3.0-தான், பாதையின் அகலம் பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி நிறைந்து ராமிடம் கடன் வாங்க ஓடும் நேரத்தில்தான் இது கடிக்கும். அதாவது ஏழைக் கார்டுக்கு ஏழைப் போர்டு பூட்டினால் இரண்டு மடங்கு கஷ்டம். பிராசசரிலும் இதே பொறி உண்டு: 5600-க்குப் பதில் கொஞ்சம் மலிவான 5500-ஐ எடுத்தால் அது 3.0-க்கு மேல் போகாது. ஆகவே பி550 போர்டும் 5600-உம். போர்டில் நான் காசு கூட்டச் சொன்ன ஒரே காரணம் இதுதான். மற்றபடி போர்டின் மேல் ஒட்டியிருக்கும் இரும்புக் கவசம், வைஃபை, விளக்கு எதற்கும் ஒரு காசும் தர வேண்டாம். லேன் கம்பி இழுத்துக்கொள்ளலாம். ஆட்டங்களின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, வைஃபை தடுமாறினால் தோற்றுப்போய் மோடத்தைத் திட்டுவான்.

கடைசிவரை கூட வருவது

திரைக்கு அவன் பட்டியலில் இடமே இல்லை. “வீட்டு டிவியில் பொருத்திக்கொள்கிறேன் மாமா” என்றான். டிவி 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் அது 6.9. சுடுகிற ஆட்டத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கும் கைக்கும் தெரியும். பிராசசரும் கார்டும் 200 ஃபிரேம் தந்தாலும் 60 ஹெர்ட்ஸ் திரை அதில் 60-ஐத்தான் காட்டும், மீதிக்குக் கொடுத்த காசு காற்றில் போனது. நல்ல திரை எட்டு ஆண்டு வரும், இரண்டு கார்டுகளைப் பார்த்துவிடும். ஆகவே 24 அங்குலம், 1080, 180 ஹெர்ட்ஸ்.

1440 வேண்டாமா என்று கேட்டால் வேண்டாம். 1080-இல் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள், 1440-இல் 36.9 லட்சம். முக்கால் மடங்குக்கும் மேல் கூடுதல் வேலை, அதே 8 ஜிபி கார்டுக்கு.

ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி ஓராண்டு 60-இலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். விண்டோஸ் அமைப்பில் போய் நாமே மாற்ற வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. திரையின் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும் என்பதும் அந்த வகை. சிரிக்காதீர்கள், மாதத்துக்கு ஒரு கணினியாவது இந்தக் காரணத்துக்காக என்னிடம் வருகிறது.

ராமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 16 ஜிபி ஒரே துண்டாக வேண்டாம், 8 ஜிபி இரண்டு துண்டாக இருந்தால் இரண்டு பாதையில் ஓடும். நான்கு வாய் உள்ள போர்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். விண்டோஸ் எழுமுன் திறக்கும் பயாஸ் அமைப்பில், ராமை முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி-யை இயக்குங்கள், இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்த ராம் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி 1 டிபி. ஒரு பெரிய ஆட்டமே 100 ஜிபியைத் தாண்டும் காலத்தில் 500 ஜிபி என்பது மூன்று ஆட்டத்துக்கு வாடகை வீடு. என்விஎம்இ வகையில் வினாடிக்கு 3,500 எம்பி, 7,000 எம்பி என்று இரண்டு படிகள் இருக்கின்றன. ஆட்டம் திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, மலிவானதை எடுங்கள்.

கண்ணாடிக் கேசிங் கடைசிச் சண்டை. நம் வீட்டு அறை மதியத்தில் 32 டிகிரி. ஏர்கோன் அறையின் 22-ஐ வைத்து எடுத்த வெப்பக் கணக்கோடு பத்து டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேசிங்கில் ஆறு விசிறி இருந்தாலும் காற்று எங்கிருந்து வரும்? முன்பக்கம் வலை வைத்த சாதாரண கேசிங், முன்னே இரண்டு விசிறி, பின்னே ஒன்று. 5600-க்கு 65 வாட்தான், பெட்டிக்குள் வருகிற விசிறியே அதற்குப் போதும், தண்ணீர்க் குளிர்விப்பான் எதற்கு? தோட்டத்து மண் சாலையில் லோரி போனால் செம்மண் தூசி ஜன்னலேறி வரும், ஆகவே தரையில் வைக்காமல் மேசைமேல். மாதம் ஒரு முறை வலையைக் கழுவ வேண்டும். ஒரு பவர் சப்ளைக்குள் எறும்புப் புற்றும், இன்னொன்றில் பல்லி முட்டையும் பார்த்திருக்கிறேன். விளக்கு வேண்டும் என்று கெஞ்சினான். ஒரே ஒரு விளக்குப் பட்டைக்குச் சம்மதித்தேன், அதுவும் என் காசில்.

எங்கே வாங்குவது

கார்டு, பவர் சப்ளை, போர்டு மூன்றையும் ஈப்போவில் யிக் ஃபூங் வளாகத்தில் கடைகடையாக ஏறி விலை கேட்டு வாங்கினோம். கோலாலம்பூர் லோ யாட்டில் கொஞ்சம் மலிவாக இருக்கலாம், ஆனால் கெட்டால் பஸ் ஏறிப் போய் வர வேண்டும். கெடுகிறபோது யார் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம் என்பதும் விலையில் சேர்த்திதான். கேசிங்கும் எஸ்எஸ்டியும் இணையத்தில். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு வரி இருக்கிறது, மலிவு என்று நினைத்தது சில நேரம் மலிவாக இருக்காது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரை வழக்கை ஏற்கும், பதிவுக்கு 5 வெள்ளிதான்.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கார்டுகளால் தோண்டுவது 2022 செப்டம்பரில் நின்றபோது இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டின, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை, விசிறியும் வெப்பப் பசையும் மாற்றினால் பல நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் கண் முன்னே அரை மணி நேரம் ஆட்டம் ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். பெயர் மாற்றி எழுதிய போலிக் கார்டுகளை ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் 100 வெள்ளியைப் பிரித்தால் கார்டுக்கு 40, பிராசசருக்கும் திரைக்கும் தலா 13, போர்டுக்கு 11, எஸ்எஸ்டிக்கு 10, பவர் சப்ளைக்கு 8, கேசிங்குக்கு 4 என்று ஏறக்குறைய வந்தது. மீதி ஒரு வெள்ளி எங்கே என்று கேட்காதீர்கள், யிக் ஃபூங் வாசலில் தே தாரிக் குடித்தோம்.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டிலேயே பூட்டினோம். அக்கா பக்கத்தில் நின்று மின்சாரக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆடும்போது திரையோடு சேர்த்து ஏறக்குறைய 250 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட், மாதத்துக்கு 30 யூனிட். ஒரு ஏர்கோன் ஒரு மணி நேரம் ஓடுவதும் நாளுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் என்றேன். அக்கா நம்பினாரா என்று தெரியவில்லை.

நான்கு மணிக்கு முதல் ஆட்டம் தொடங்கினான். மலைப் பக்கம் லேசாக உறுமியது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்து, மூன்று முள் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி மேசைமேல் வைத்தார். மோடத்தையும் விடவில்லை. திரை கறுத்தது. பையன் எலியைப் பிடித்த கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தான்.